பேசி என்ன ஆகப்போகுது என்று கேட்கும் பெரியப்பாவுக்கு

வாழ்க்கைக்கு அர்த்தம் உண்டா, உயிர் என்பது என்ன, ‘நான்’ என்று சொல்கிறோமே அது உடம்பா மனசா என்று யாராவது பேச்சை எடுத்தால் போதும், “இதையெல்லாம் பேசி என்ன ஆகப்போகுது, கரண்ட் பில் குறையுமா?” என்று கேட்டு அதை அங்கேயே முடித்துவைக்கிற ஒருவர் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார். எங்கள் குடும்பத்தில் பெரியப்பா. அவர் விளையாட்டுக்குக் கேட்பதில்லை. வாழ்நாள் முழுக்க லேத் பட்டறை நடத்தியவர், ஒரு வேலையை முடித்தால் கையில் ஒரு பொருள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறவர். ஆயிரக்கணக்கான வருஷமாகப் பேசியும் முடிவுக்கு வராத ஒரு விஷயத்தில் மேற்கொண்டு நேரத்தைப் போடுவது அவருக்கு நஷ்டக் கணக்காகத்தான் தெரியும்.

இதற்கு வழக்கமாகச் சொல்லப்படும் பதில்கள் எனக்குப் போதவில்லை. சிந்தனை கூர்மையாகும், மனசு விரியும் என்பார்கள். சிந்தனை கூர்மையாக செஸ் ஆடலாம், மனசு விரிய ஊர் சுற்றலாம். இந்தக் கேள்விகளைப் பேசினால் மட்டுமே கிடைக்கிற, வேறெதிலும் கிடைக்காத பயன் ஒன்று உண்டா என்பதுதான் பெரியப்பா கேட்பது. உண்டு என்று உறுதியாக நம்புகிறேன். அதைச் சொல்ல பத்துக் கேள்விகள் தேவையில்லை, ஒரே ஒரு கேள்வி எங்கெல்லாம் போய் முட்டியது என்று பார்த்தால் போதும்: ஒரு மனிதன் எப்போது சாகிறான்?

1950கள் வரை இது பெரும்பாலானவர்களுக்குக் கேள்வியாகவே இருக்கவில்லை. மூச்சு நின்றால் கொஞ்ச நேரத்தில் இதயம் நிற்கும், இதயம் நின்றால் மூளை போய்விடும், எது முதலில் நின்றாலும் மற்றதெல்லாம் பின்னாலேயே வந்துவிடும். நாடி பிடித்துப் பார்த்துச் சொல்லிவிடலாம். 1952இல் கோபன்ஹேகனில் போலியோ பரவியபோது மருத்துவ மாணவர்கள் முறைபோட்டுக்கொண்டு ராப்பகலாகக் கையால் பையை அமுக்கி அமுக்கி நோயாளிகளின் நுரையீரலுக்குக் காற்றுச் செலுத்தினார்கள். இன்றைக்கு நாம் பார்க்கும் ஐசியு அங்கிருந்து வளர்ந்ததுதான். அது எத்தனையோ உயிர்களைக் காப்பாற்றியது, கூடவே அதுவரை உலகத்தில் இல்லாத ஒரு நிலைமையையும் உண்டாக்கியது. மூளை முழுதாகச் செயலிழந்துவிட்டது, மெஷின் மூச்சு கொடுக்கிறது, இதயம் தன் பாட்டுக்குத் துடிக்கிறது. 1959இல் மொல்லாரே, கூலோன் என்ற இரண்டு பிரெஞ்சு மருத்துவர்கள் இப்படிப்பட்ட நோயாளிகளைப் பற்றி எழுதினார்கள். கோமாவையும் தாண்டிய நிலை என்றார்களே தவிர, இவர்கள் இறந்துவிட்டார்கள் என்று அவர்கள் சொல்லவில்லை.

1967 டிசம்பர் 3 அன்று கேப்டவுனில் கிறிஸ்டியான் பர்னார்ட் ஒரு மனிதரின் மார்பில் இன்னொருவரின் இதயத்தை வைத்துத் தைத்தார். அதோடு கேள்விக்கு அவசரம் வந்துவிட்டது. இதயத்தைக் கொடுத்தவர் எப்போது இறந்தார்? எடுப்பதற்கு முன்பா, எடுத்ததாலா? 1968இல் ஹார்வர்டில் ஹென்றி பீச்சர் என்ற மயக்கவியல் மருத்துவர் தலைமையில் ஒரு குழு உட்கார்ந்தது. அதில் மருத்துவர்கள் மட்டும் இல்லை, ஒரு இறையியல் அறிஞர், ஒரு சட்ட அறிஞர், ஒரு அறிவியல் வரலாற்று ஆசிரியர் ஆகியோரும் இருந்தார்கள். இதை நான் முக்கியமாக நினைக்கிறேன். அந்த மருத்துவர்களைவிட நடைமுறை மனிதர்கள் யாரும் இருக்க முடியாது, மூளையின் மின்னலைகளைப் பதிவுசெய்யும் இஇஜியை எவ்வளவு பார்த்தாலும் இந்தக் கேள்விக்கு அதில் பதில் இல்லை என்பது அவர்களுக்கே தெரிந்திருந்தது. மூளை வேலை செய்யவில்லை என்பதை மெஷின் காட்டும். மூளை வேலை செய்யாதவர் இறந்தவரா என்பதை எந்த மெஷினும் காட்டாது. அதைப் பேசித்தான் முடிவு செய்ய வேண்டும்.

அந்தக் குழு ஆகஸ்டில் அறிக்கை வெளியிட்டது. புதிய வரையறை ஏன் வேண்டும் என்பதற்கு அவர்கள் சொன்ன காரணங்கள் இரண்டு. மீளவே முடியாத நோயாளிகளால் குடும்பத்துக்கும் மருத்துவமனைக்கும் ஏற்படும் சுமை ஒன்று. பழைய வரையறையை வைத்துக்கொண்டு உறுப்பு எடுத்தால் சர்ச்சை வருகிறது என்பது இன்னொன்று. அடுத்த மாதமே ஹான்ஸ் யோனாஸ் என்ற தத்துவ அறிஞர் இதை எதிர்த்தார். உயிருக்கும் சாவுக்கும் நடுவே எல்லைக்கோடு எங்கே இருக்கிறது என்று நமக்குத் தெரியாதபோது, நமக்கு வசதியான இடத்தில் கோடு போட்டுக்கொள்வது சரியில்லை, சந்தேகம் இருக்கும் இடத்தில் அந்த நோயாளி பக்கம்தான் சாய வேண்டும் என்பது அவர் வாதம். மீள முடியாத ஒருவரின் மெஷினை நிறுத்துவதை அவர் எதிர்க்கவில்லை. மெஷினை நிறுத்துவது வேறு, மெஷினை ஓடவிட்டுக்கொண்டே ‘இறந்தவர்’ என்று பெயர் வைத்து உடம்பைப் பயன்படுத்துவது வேறு என்றார். இந்த இரண்டையும் இப்படிப் பிரித்துப் பார்க்க எனக்கு அந்த மனிதர்தான் கற்றுக்கொடுத்தார். சட்டங்களில் அவர் தோற்றுப்போனார், ஆனால் அவர் எழுப்பிய கவலை தோற்கவில்லை. இறப்பை அறிவிக்கும் மருத்துவர் உறுப்பு மாற்று வேலையில் சம்பந்தப்பட்டவராக இருக்கக் கூடாது என்று ஹார்வர்டு குழுவே சொல்ல வேண்டியிருந்தது அதே கவலையால்தான்.

இதெல்லாம் அமெரிக்காவில் படித்தவர்கள் பேசிக்கொண்டது, நமக்கு என்ன என்று பெரியப்பா கேட்பார். நமக்கும் வந்தது.

எங்கள் சித்தி மகன் பைக்கில் போகும்போது அடிபட்டு மதுரையில் ஒரு மருத்துவமனையில் ஐசியுவில் கிடந்தான். தலையில் அடி. மூளைச்சாவு என்று சொன்னார்கள். கண்ணில் டார்ச் அடித்துப் பார்த்தார்கள், காதில் குளிர்ந்த தண்ணீர் விட்டுப் பார்த்தார்கள், வென்டிலேட்டரைக் கழற்றி ரத்தத்தில் கார்பன் டை ஆக்சைடு ஏற ஏறத் தானாக மூச்சு இழுக்கிறானா என்று பார்த்தார்கள். எல்லாவற்றையும் ஒரு டாக்டர் பொறுமையாகத்தான் விளக்கினார். உறுப்பு தானம் பற்றிப் பேச வந்த பெண்ணும் நல்லவர், அவசரப்படுத்தவில்லை. “அவரோட உடம்புதான்மா இயங்குது, அவரு இல்ல” என்றார். சித்தி கேட்டார்: “கை சூடா இருக்கே. அவன் இல்லேன்னா நான் பிடிச்சிருக்கிற கை யாரோடது?”

ஐசியு வாசலில் அந்த நடையில் நின்ற யாரிடமும் அதற்குப் பதில் இல்லை. எட்டாம் வகுப்போடு நின்றுவிட்ட என் சித்தி கேட்டது, பல்கலைக்கழகங்களில் இன்னும் அடித்துக்கொண்டிருக்கும் அதே கேள்வி. உடம்பு ஒருவருடையதாக இருப்பதற்கு எது வேண்டும்? நினைவா, மூச்சா, மொத்த உடம்பும் ஒன்றாக இயங்குவதா? 1981இல் அமெரிக்காவில் குடியரசுத் தலைவர் நியமித்த ஒரு ஆணையம் மூளைதான் உடம்பை ஒன்றாகக் கட்டிவைத்திருக்கிறது, அது போனால் மிச்சம் இருப்பது உறுப்புகளின் தொகுப்புதான் என்று விளக்கம் கொடுத்தது. 1998இல் ஆலன் ஷூமன் என்ற நரம்பியல் மருத்துவர், மூளைச்சாவுக்குப் பிறகும் உடம்பு நீண்ட நாள் தாக்குப்பிடித்த பலரின் விவரங்களைத் திரட்டி அந்த விளக்கத்தையே ஆட்டிவைத்தார். படித்தவர்களே ஒத்துப்போகாத இடத்தில், பிள்ளையைப் பறிகொடுத்துக்கொண்டிருக்கும் ஒரு அம்மாவிடம் சில மணி நேரத்தில் பதில் கேட்கிறோம். முன்னால் ஒருநாளும் அந்த வீட்டில் இந்தப் பேச்சே எழுந்ததில்லை. எழுந்திருந்தால் பெரியப்பா முடித்துவைத்திருப்பார்.

சித்தப்பா வேண்டாம் என்றார், தானம் இல்லை. அவர் முடிவு அவருடையது, அதில் எனக்கு எந்த வருத்தமும் இல்லை. அதற்கப்புறம் நடந்ததுதான் இன்றைக்கும் என்னை உலுக்குகிறது. அதுவரை ‘இறந்துவிட்டார்’ என்று பேசியவர்கள், தானம் இல்லை என்றதும் ‘சிகிச்சையில் இருக்கிறார்’ என்று பேச ஆரம்பித்தார்கள். வென்டிலேட்டர் ஓடியது. பில் ஏறியது. இதயம் நிற்கும்வரை காத்திருந்தோம். காலையில் இறந்தவன் சாயங்காலம் எப்படி நோயாளி ஆனான் என்று யாரைக் கேட்பது?

அந்த டாக்டர்கள் ஏமாற்றவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் புரிந்தது, நம் நாட்டில் சாவுக்குச் சட்டத்தில் இரண்டு வரையறைகள் இருக்கின்றன. 1969ஆம் ஆண்டின் பிறப்பு, இறப்புப் பதிவுச் சட்டத்தின்படி, உயிர் இருப்பதற்கான எல்லா அடையாளங்களும் நிரந்தரமாக மறைந்துபோவதுதான் இறப்பு. 1994ஆம் ஆண்டின் மனித உறுப்பு மாற்றுச் சட்டம் மூளைத்தண்டு, அதாவது மூச்சை இயக்கும் மூளையின் அடிப்பகுதி, இறந்தாலே இறந்தவர் என்கிறது. நான்கு மருத்துவர்கள் ஆறு மணி நேர இடைவெளியில் இரண்டு தடவை சோதித்துச் சான்று தர வேண்டும் என்று சொல்வதும் இதுதான். ஆனால் இந்த இரண்டாவது சட்டம் உறுப்பு மாற்றுக்காக எழுதப்பட்டது. தானம் இல்லையென்றால் மூளைச்சாவுக்குச் சட்டத்தில் என்ன இடம் என்பது தெளிவில்லை, வென்டிலேட்டரை நிறுத்த டாக்டர்கள் பயப்படுகிறார்கள். கேரளா மட்டும் 2020இல், தானம் செய்தாலும் செய்யாவிட்டாலும் மூளைச்சாவை ஒரே மாதிரிச் சான்றளிக்கும்படி வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது.

1994 சட்டம் வந்த சூழ்நிலை எல்லோருக்கும் தெரியும். கிட்னி வியாபாரம் கொடிகட்டிப் பறந்த காலம், சென்னையில் வில்லிவாக்கத்தையே ‘கிட்னிவாக்கம்’ என்று சொன்ன காலம். அதை நிறுத்தச் சட்டம் தேவைப்பட்டது, நியாயமான தேவை. ஆனால் சாவு என்றால் என்ன என்ற கேள்வியை உறுப்பு என்ற கேள்வியின் வாலில் கட்டிவிட்டார்கள். அதைத் தனியாக எடுத்து வைத்து யாரும் பேசி முடிக்கவில்லை. அந்த அரைகுறைப் பேச்சுக்கான விலையை அந்த நடையில் எங்கள் குடும்பம் கொடுத்தது. தத்துவ விவாதத்தால் என்ன லாபம் என்று கணக்குக் கேட்பவர்கள் அது நடக்காததால் வந்த இந்த நஷ்டத்தையும் கணக்கில் சேர்க்க வேண்டும் என்றுதான் நான் கேட்கிறேன்.

அமெரிக்காவிலும் இப்படி ஒன்று நடந்தது. 2013 டிசம்பரில் கலிபோர்னியாவில் 13 வயதுப் பெண் ஒருத்திக்கு அறுவை சிகிச்சைக்குப் பின் மூளைச்சாவு என்று அறிவித்து இறப்புச் சான்றும் கொடுத்துவிட்டார்கள். குடும்பம் ஒத்துக்கொள்ளவில்லை. நியூஜெர்சி மாநிலத்தில் 1991 முதல் மத நம்பிக்கையின் அடிப்படையில் மூளைச்சாவை மறுக்கும் உரிமை உண்டு, அங்கே கொண்டுபோனார்கள். 2018 வரை அவள் உடம்பு இயங்கியது, பிறகு இரண்டாவது இறப்புச் சான்று. ஒரு மாநிலத்தில் இறந்தவள் இன்னொரு மாநிலத்தில் உயிரோடு இருந்தாள். எந்தச் சான்று சரி என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது.

விவாதத்துக்கு விலை இல்லை என்று நான் சொல்லவில்லை. ஜப்பானில் 1968 ஆகஸ்டில் சப்போரோவில் ஒரு மருத்துவர் இதய மாற்று செய்தார், இதயத்தைப் பெற்ற இளைஞர் 83 நாள் வாழ்ந்தார். கொடுத்தவர் நிஜமாகவே இறந்திருந்தாரா, பெற்றவருக்கு அது தேவைதானா என்று பெரிய சந்தேகம் கிளம்பி விசாரணை வரை போனது. அதற்கப்புறம் அந்த நாட்டில் அடுத்த இதய மாற்று 1999இல்தான் நடந்தது. நடுவே முப்பது வருஷத்துக்கு அதுதான் பேச்சு. 1990 முதல் 1992 வரை அரசு நியமித்த குழு விவாதித்தது, உமெஹரா தகேஷி என்ற தத்துவ அறிஞரும் சிலரும் பெரும்பான்மையோடு ஒத்துப்போகாமல், மூளைச்சாவு சாவு ஆகாது என்று தனிக் கருத்து கொடுத்தார்கள். 1997இல் வந்த சட்டம் விசித்திரமானது. தான் தானம் தருவதாகவும் மூளைச்சாவை ஏற்பதாகவும் எழுதிவைத்தவருக்கு, குடும்பமும் தடுக்காவிட்டால் மட்டும், மூளைச்சாவு சாவு. மற்றவர்களுக்கு இதயம் நிற்பதுதான் சாவு. 2010 முதல், இறந்தவர் எதுவும் எழுதிவைக்காவிட்டாலும் குடும்பம் சம்மதித்தால் போதும் என்று மாற்றினார்கள்.

அந்த முப்பது வருஷத்தில் இதயத்துக்காகக் காத்திருந்து செத்தவர்களின் குடும்பத்திடம் போய் விவாதம் நல்லது என்று சொல்ல எனக்கு வாய் வராது. ஆனாலும் அவ்வளவு காலம் இழுத்ததற்கு விவாதத்தைக் குற்றம் சொல்வது சரியில்லை என்று நினைக்கிறேன். முதலில் மூடிய கதவுக்குள் முடிவெடுத்தார்கள், நம்பிக்கை உடைந்தது. உடைந்ததை ஒட்டவைக்கத்தான் அத்தனை வருஷம் ஆனது. இங்கே 2008 செப்டம்பரில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். திருக்கழுக்குன்றத்தைச் சேர்ந்த 15 வயது ஹிதேந்திரன் விபத்தில் மூளைச்சாவு அடைந்தபோது, இருவருமே டாக்டர்களான அவன் அப்பாவும் அம்மாவும் உறுப்புகளைக் கொடுத்தார்கள், ஊரறிய அதைப் பற்றிப் பேசினார்கள். அந்த வாரம் தமிழ்நாட்டில் டீக்கடையில்கூட மூளைச்சாவு பற்றிப் பேச்சு நடந்தது. அதே ஆண்டு அரசின் உறுப்பு தானத் திட்டம் முறையாகத் தொடங்கியது. 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதையோடு இறுதிச்சடங்கு என்று அறிவித்தார்கள். அந்த அறிவிப்பு எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் மரியாதை ஒரு பக்கம் இருக்கட்டும், என் சித்தி கேட்ட கேள்விக்கும் யாராவது உட்கார்ந்து பதில் பேச வேண்டும்.

பெரியப்பாவோடு நான் ஒத்துப்போகும் இடமும் இருக்கிறது. எந்தப் பக்கம் ஜெயித்தாலும் நாளைக்குக் காலையில் யாரும் எதையும் மாற்றிச் செய்யப்போவதில்லை என்றால் அந்த விவாதம் பொழுதுபோக்குதான். விதியா மதியா என்று பண்டிகை நாளில் பட்டிமன்றம் கேட்பது எனக்கும் பிடிக்கும், அதைக் கேட்டுவிட்டு யாரும் வாழ்க்கையை மாற்றிக்கொண்டதில்லை. நான் பேசுவது பதிலைப் பொறுத்து ஒரு கை ஒரு ஸ்விட்ச் மேலே போகுமா போகாதா என்று தீர்மானமாகிற கேள்விகளைப் பற்றி.

அப்படிப்பட்ட கேள்வியைப் பேசாமல் விட்டால் அது தீராமல் சும்மா கிடக்கும் என்று நாம் நினைக்கிறோம். கிடக்காது. யாரோ ஒருவர் சத்தமில்லாமல் பதில் சொல்லிவிடுவார், பெரும்பாலும் கையில் பலம் இருக்கிறவர். விருதுநகர், மதுரைப் பக்கம் தலைக்கூத்தல் என்று ஒன்று உண்டு, படுத்த படுக்கையாகிவிட்ட வயசாளிகளுக்கு விடியலில் எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி இளநீர் கொடுத்து முடித்துவிடுவது. எந்த உயிர் வாழத் தகுந்தது, யாருக்காக ஒருவர் வாழ்கிறார், சுமை என்று யார் சொல்லலாம் என்ற கேள்விகள் எல்லாவற்றுக்கும் அங்கே பதில் சொல்லியாகிவிட்டது. படுத்திருக்கிறவரை யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

மும்பையில் கேஈஎம் மருத்துவமனை நர்ஸ் அருணா ஷான்பாக் விஷயத்தில் அது உரக்கப் பேசப்பட்டது. 1973 நவம்பரில் அதே மருத்துவமனை ஊழியன் ஒருவனால் தாக்கப்பட்டவர், 2015 மே மாதம் இறக்கும்வரை அங்கேயே படுக்கையில் இருந்தார். அவருக்கு உணவூட்டுவதை நிறுத்த வேண்டும் என்று கேட்டு உச்ச நீதிமன்றத்துக்குப் போனவர் அவரைப் பற்றி எழுதிய பத்திரிகையாளர் பிங்கி விரானி. வேண்டாம், நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்று நின்றவர்கள் தலைமுறை தலைமுறையாக அவரைக் குளிப்பாட்டி ஊட்டிவிட்ட நர்ஸுகள். பேச முடியாத ஒருவருக்காகப் பேசும் உரிமை யாருக்கு? 2011 மார்ச்சில் நீதிமன்றம் நர்ஸுகள் பக்கம் நின்றது. அதே தீர்ப்பில், உயர் நீதிமன்றத்தின் அனுமதியோடு உயிர்காக்கும் சிகிச்சையை விலக்கிக்கொள்ளலாம் என்று நாடு முழுக்க வழியும் திறந்தது. வழக்கில் இரண்டு பக்கமும் அன்பு இருந்தது. அதனால்தான் அந்த வாதங்களைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு மனசு கனத்துப்போகிறது.

2018 மார்ச் 9இல் உச்ச நீதிமன்றத்தின் ஐந்து நீதிபதிகள் அமர்வு, கண்ணியமாகச் சாவதும் வாழும் உரிமையின் பகுதிதான் என்று சொல்லி, ஒருவர் சுயநினைவோடு இருக்கும்போதே தன் கடைசிக் காலச் சிகிச்சை பற்றி எழுதிவைக்கலாம் என்று அனுமதித்தது. ஆனால் மாஜிஸ்திரேட் வரை போக வேண்டியிருந்ததால் யாராலும் எளிதில் செய்ய முடியவில்லை. 2023 ஜனவரியில் அதை எளிதாக்கினார்கள். இப்போது இரண்டு சாட்சிகளும், நோட்டரி அல்லது கெசட்டட் அதிகாரி ஒருவரும் போதும்.

சித்தி வீட்டில் நடந்ததைப் பார்த்த பிறகு என் அப்பா அம்மாவிடம் இந்தப் பேச்சை நான்தான் எடுத்தேன். முதலில் அம்மா அபசகுனம் என்று எழுந்துபோய்விட்டார். அப்புறம் ஒருநாள் அவரே ஆரம்பித்தார். பல ராத்திரி பேசினோம். மெஷினில் போட்டு இழுக்க வேண்டாம் என்பதில் இருவருக்கும் ஒரே கருத்து. நினைவு தப்பிப்போய் எங்கள் யாரையும் அடையாளம் தெரியாமல் படுத்திருந்தால் என்ன செய்வது என்ற இடத்தில்தான் சண்டை வந்தது. அப்பா சொன்னார், உங்களையெல்லாம் தெரியலேன்னா அங்கே படுத்திருக்கிறது நான் இல்லை, டியூப் எதுவும் போட வேண்டாம், விட்டுவிடுங்கள். அம்மா சட்டென்று திரும்பி, உங்களுக்கு என்னைத் தெரியாட்டி என்ன, எனக்கு உங்களைத் தெரியும் இல்ல, நீங்க யாருன்னு நீங்க மட்டும்தான் சொல்லணுமா என்றார். அப்பாவால் அதற்கு உடனே பதில் சொல்ல முடியவில்லை, என்னாலும் முடியவில்லை. ஒருவர் யார் என்பது அவருடைய நினைவில் இருக்கிறதா, அவரை நேசிக்கிறவர்களின் நினைவிலும் இருக்கிறதா என்று அதற்கப்புறமும் எத்தனையோ தடவை பேசியாகிவிட்டது. இருவரும் தனித்தனியாக எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் மட்டும் இருவரும் வேறுவேறு மாதிரி எழுதியிருக்கிறார்கள், இருவருடையதற்கும் பொறுப்பாளர் நான்தான்.